துணியும் பசையும் வானேறிய அதிசயம் தெரியுமா?

சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டிக்குக் காத்து நிற்கையில், காது அடைக்கத் தலைக்கு மேலே ஒரு தேஜஸ் பறந்து போகிறதே, அந்தப் போர் விமானத்தின் மேல்பரப்பில் 90 சதவீதத்துக்கும் மேல் உலோகமே கிடையாது, தெரியுமா? வண்ணப் பூச்சுக்கு அடியில் இருப்பது கார்பன் நூலும் அதை இறுக்கிப் பிடித்திருக்கும் பசையும்தான்! எடைக் கணக்கில் பார்த்தாலும் அதன் கட்டமைப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் இந்தக் கூட்டுப்பொருள். திருச்சி ரோட்டில் கிழக்கே கொஞ்ச தூரம் போனால் சூலூர் விமானப்படைத் தளம். 2018 ஜூலையில் தேஜஸ் ஓட்டும் 45-வது படைப்பிரிவு அங்கே குடிவந்தது. 2020 மே 27 அன்று 18-வது படைப்பிரிவும் சேர்ந்துகொண்டது.

அந்த விமானத்தின் உறுப்புகள் சில நம் ஊரிலேயே உருவாகின்றன என்பது தெரியுமா? 1962-ல் நூற்பாலை எந்திரங்கள் செய்யப் பிறந்த லட்சுமி மெஷின் ஒர்க்ஸ், இன்று தேஜஸுக்குக் காற்று உள்ளிழுக்கும் பகுதிகளைச் செய்து தருகிறது. எல் அண்ட் டி நிறுவனம் தன் கோவை வளாகத்திலிருந்து தேஜஸ் மார்க் 1ஏ-வுக்கான முதல் ஜோடி இறக்கைகளை 2025 ஜூலையில் விமானத் தயாரிப்பு நிறுவனமான எச்.ஏ.எல்.-இடம் ஒப்படைத்தது. நூற்கும் எந்திரம் செய்த ஊர் பறக்கும் எந்திரத்துக்கு உறுப்பு செய்கிறது!

ஆனால் இந்த நூலும் பசையும் கொண்ட வித்தைக்கு முதலில் வழி திறந்தது போர் விமானமும் அல்ல, ராக்கெட்டும் அல்ல. எஞ்சினே இல்லாத ஒரு கிளைடர்!

போயிங்கை 52 ஆண்டு முந்தியது

1957 நவம்பர் 27. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்தில் ரிச்சர்ட் எப்லரும் ஹெர்மன் நேகெலேயும் வடிவமைத்த எஃப்.எஸ்.24 ஃபீனிக்ஸ் மேலெழுந்தது. உள்ளே பால்சா மரம், வெளியே கண்ணாடி இழை, இரண்டையும் பிணைக்கப் பசை. கண்ணாடி இழைக் கூட்டுப்பொருளால் கட்டிப் பறந்த முதல் கிளைடர் அதுதான். கூட்டுப்பொருளை எடையில் பாதியளவு கொண்ட போயிங் 787 பயணிகள் விமானம் முதலில் பறந்தது 2009 டிசம்பர் 15 அன்று. நடுவே 52 ஆண்டுகள்! கோடிக்கணக்கில் பணம் கொட்டும் பெரிய நிறுவனங்கள் தயங்கி நின்ற இடத்தில், கிளைடர்காரர்கள் தூரிகையும் உருளையுமாக இறங்கிவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய வியப்பு ஒன்று இருக்கிறது. பல்லடம், உடுமலை, பூளவாடிப் பக்கம் நிற்கும் காற்றாலைகளும் இந்தக் கிளைடரும் பங்காளிகள், தெரியுமா? அதே 1957-ல், அதே ஸ்டுட்கார்ட் வட்டாரத்தில், உல்ரிச் ஹ்யூட்டர் என்ற பொறியாளர் 34 மீட்டர் விட்டமுள்ள ஒரு காற்றாலையை நிறுத்தினார். அதன் இறகுகள் கண்ணாடி இழையில் செய்தவை. அவர் யார் என்று பார்த்தால், சகோதரர் வோல்ஃப்காங்குடன் சேர்ந்து கிளைடர் வடிவமைத்தவர்! பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக் காற்று வந்து சுற்றிவிடும் ஒவ்வோர் இறகிலும் கிளைடர் இறக்கையின் ரத்தம் ஓடுகிறது. உள்ளே நீளவாக்கில் ஒரு முதுகெலும்பு, மேலும் கீழும் இரண்டு ஓடுகள், நடுவே இலேசான நுரை அல்லது பால்சா, ஓரத்தில் பசை. இறகையும் இறக்கையையும் குறுக்கே அறுத்து அருகருகே வைத்தால் ஒரே குடும்பம் என்பது கண்ணுக்குத் தெரியும்.

நட்சத்திர வரிசையில் கிளைடர்கள்

இந்திய அரசின் சிவில் விமானத் துறையின் தொழில்நுட்ப மையம் வடிவமைத்த கிளைடர்களின் பெயர்களைச் சொல்கிறேன், கேளுங்கள்: அசுவினி, பரணி, கார்த்திக், ரோகிணி, மிருகசீர், ஆர்த்ரா. பஞ்சாங்கத்தின் முதல் ஆறு நட்சத்திரங்கள் வரிசை பிசகாமல் வந்துவிட்டன! ஆர்த்ரா என்பது நம் திருவாதிரை. அசுவினி 1950-களின் கடைசியில் பறந்தது, ஆர்த்ரா 1979-ல். இவை மரமும் பிளைவுட்டும் கொண்டு தச்சுக் கைகள் இழைத்த காலத்தவை. அழகான வேலைதான். ஆனால் மரத்தால் எட்ட முடியாத ஓர் உயரம் கிளைடர் உலகில் இருந்தது. அதைப் புரிந்துகொண்டால்தான் எந்த முறையில் கட்டுவது என்ற கேள்வியே அர்த்தப்படும்.

ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு

காற்று இறக்கையின் முன்விளிம்பைத் தொட்டு, சலசலப்பில்லாமல் அடுக்கடுக்காக வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அப்போதுதான் இழுவை குறையும். அந்த ஒழுக்கம் கலையாமல் இருக்க, இறக்கையின் பரப்பில் மேடு பள்ளம் 0.1 மில்லிமீட்டர் அளவைத் தாண்டக்கூடாது என்று கிளைடர்காரர்கள் டயல் கேஜ் வைத்து அளக்கிறார்கள், தெரியுமா? மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அலுமினியத் தகட்டில் ரிவெட் வரிசை தெரியும், தகடு நடுவே நெளியும். அச்சுக்குள் வார்த்தெடுக்கும் கண்ணாடி இழைத் தோலுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அச்சு எவ்வளவு வழவழப்போ, இறக்கையும் அவ்வளவு வழவழப்பு.

பலன் எவ்வளவு தெரியுமா? இன்றைய நல்ல கிளைடர் ஒன்று காற்று அசையாத நாளில் 1 கிலோமீட்டர் உயரத்தை இழந்து சுமார் 50 கிலோமீட்டர் முன்னே போகும். சிங்காநல்லூர் குளத்துக்கு மேலே 1 கிலோமீட்டர் உயரத்தில் விட்டால் திருப்பூரைத் தாண்டித்தான் தரை தொடும், ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லாமல்! 2000-ல் பறந்த ஏட்டா என்ற ஜெர்மன் கிளைடரின் இறக்கை விரிவு 30.9 மீட்டர், அதன் சறுக்கு விகிதம் 70 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அது காங்கேயத்தையே கடந்துவிடும்.

நெசவாளருக்குத் தெரிந்த ரகசியம்

கார்பன் இழை எதிலிருந்து வருகிறது தெரியுமா? குளிருக்குப் போடும் ஸ்வெட்டரின் அக்ரிலிக் நூலின் வகையிலிருந்து! பாலி அக்ரிலோ நைட்ரைல் என்ற அந்த நூலை முதலில் 200 முதல் 300 டிகிரி வெப்பத்தில் காற்றில் பதப்படுத்தி, பிறகு ஆக்சிஜன் இல்லாத உலையில் 1000 டிகிரிக்கு மேல் சுடுகிறார்கள். கார்பன் தவிர மற்றதெல்லாம் பெரும்பாலும் போய்விடும். எடையில் ஏறத்தாழ பாதிதான் மிஞ்சும். மிஞ்சிய ஒற்றை இழையின் தடிமன் 7 மைக்ரான் அளவு, பருத்தி இழையைவிட மெல்லிசு. அப்படிப்பட்ட 3000 இழைகள் சேர்ந்த கற்றைக்கு 3கே என்று பெயர், 12,000 சேர்ந்தால் 12கே. எஃகின் விறைப்புக்கு ஈடான விறைப்பு, எஃகின் எடையில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவு!

சோமனூரில் தறி ஓட்டுபவரிடம் பிளெயின், ட்வில், சாட்டின் என்று சொன்னால் உடனே புரியும். விமானத் துணியும் அதே மூன்று நெசவுகளில்தான் வருகிறது. இதில் நெசவாளர் கை தட்டி ஆமோதிக்க வேண்டிய ஓர் உண்மை இருக்கிறது. ஊடும் பாவும் ஒன்றையொன்று ஏறி இறங்கும் இடத்தில் நூல் நெளிகிறது. அந்த நெளிவுதான் கூட்டுப்பொருளின் பலவீனம்! இழுக்கும்போது நெளிந்த நூல் முதலில் நேராக முயலும். அழுத்தும்போது நெளிந்த இடத்திலேயே மடங்கும். சில டிகிரி கோணல் போதும், அழுத்தத்தைத் தாங்கும் திறன் பெருமளவு விழுந்துவிடும். ஆகவே இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரின் மேல், கீழ்ப் பட்டைகளில் நெய்த துணியே போடுவதில்லை. ஊடு இல்லாத, எல்லா நூலும் ஒரே திசையில் ஓடும் பட்டையைத்தான் அடுக்குகிறார்கள். இறக்கை முறுக்கப்படாமல் காக்க வேண்டிய தோலில் நெய்த துணி, அதுவும் குறுக்காக 45 டிகிரி திருப்பி வைத்து.

பாவு நூலுக்கு சைசிங் போடுவது நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி நூலுக்கும் சைசிங் உண்டு, தெரியுமா? நெய்து முடித்ததும் அந்தப் பூச்சைச் சூட்டில் எரித்து நீக்கி, எப்பாக்ஸி பசை ஒட்டுவதற்கு ஏற்ற சிலேன் பூச்சை ஏற்றுவார்கள். தவறான பூச்சுள்ள துணியை மலிவாக வாங்கி வந்தால் பார்வைக்கு வேறுபாடே தெரியாது. பாரம் ஏறும் நாளில் இழையும் பசையும் தனித்தனியே பிரியும். கிளைடர் கட்ட நினைப்பவர் துணி வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது விலை அல்ல, பூச்சு என்ன என்பதைத்தான்.

எந்த முறையில் கட்டுவது?

இங்கேதான் உண்மையான பரவசம் தொடங்குகிறது. அதே துணி, அதே பசை. ஆனால் கட்டும் முறை மாறினால் விலையும் எடையும் ஆயுளும் மாறிவிடும்.

அச்சே இல்லாமல் விமானம் கட்டலாம், தெரியுமா? அமெரிக்காவின் பர்ட் ரூட்டன் 1970-களில் அதைச் செய்து காட்டினார். நுரைக் கட்டியைச் சூடான கம்பியால் இறக்கை வடிவத்தில் அறுத்து, அதன் மேலேயே கண்ணாடித் துணியைப் பசையில் நனைத்துச் சுற்றிவிடுவார். ஒரே ஒரு விமானம் கட்டுபவருக்கு இதைவிட மலிவான வழி இல்லை. பெங்களூரின் என்.ஏ.எல். ஆய்வகம் 1980-களில் கூட்டுப்பொருள் விமானம் கட்டும் வேலையைக் கற்றுக்கொள்ளக் கையில் எடுத்ததும் ரூட்டனின் லாங்-ஈஸி வடிவத்தைத்தான். குறை என்ன? வெளிப்பரப்பைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வழவழப்பாக்க வேண்டும். தேய்ப்பதற்குப் பூசும் மக்கு எல்லாம் எடை. 0.1 மில்லிமீட்டர் கணக்கைக் கையால் எட்டுவது பெரும் பாடு.

அடுத்தது, கிளைடர் உலகை இன்றும் ஆளும் முறை. அச்சுக்குள் கையால் அடுக்குவது! 1927-ல் தொடங்கிய அலெக்சாண்டர் ஷ்லைகர், 1935-ல் தொடங்கிய ஷெம்ப்-ஹிர்த் போன்ற ஜெர்மன் தொழிற்சாலைகள் உலகக் கோப்பை வெல்லும் கிளைடர்களை இன்றைக்கும் பெருமளவு கையால்தான் அடுக்குகின்றன, நம்ப முடிகிறதா? அச்சைத் துடைத்து, மெழுகு பூசி, முதலில் ஜெல்கோட் என்ற வெள்ளைப் பூச்சு. பிறகு நனைத்த துணி, மேலே மெல்லிய நுரைத் தகடு, அதற்கு மேலே மறுபடி துணி. கரூரில் கட்டும் பஸ்ஸின் வளைந்த முகப்பைச் செய்யும் பைபர் பட்டறைக்காரருக்கு இதில் முக்கால்வாசி வேலை ஏற்கெனவே தெரியும். வேறுபாடு பொருளிலும் துல்லியத்திலும் இருக்கிறது. அங்கே பாலியெஸ்டர் ரெசினும் மேட் என்ற நெய்யாத இழை விரிப்பும். இங்கே எப்பாக்ஸியும் நெய்த துணியும். அங்கே ரெசினைக் கண் பார்த்து ஊற்றலாம். இங்கே துணியின் எடைக்கு ரெசின் எடை, ரெசினின் எடைக்கு அதை உறைய வைக்கும் ஹார்டனரின் எடை, எல்லாம் தராசில்.

இந்த முறையின் உயிர் அச்சில் இருக்கிறது. அச்சின் உயிர், அதற்கு முன் செய்யும் முழு அளவு மாதிரியில். வார்ப்படப் பட்டறைகளுக்குப் பேட்டர்ன் செய்து செய்து, சுருக்கத்துக்கு விட வேண்டிய அளவு, இழுப்புக்கு விட வேண்டிய சரிவு எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கும் பேட்டர்ன்காரர்கள் கோவையில் எத்தனை பேர்! ஏழரை மீட்டர் நீளத்துக்கு ஓர் இறக்கையின் மாதிரியை நேராகச் செய்யும் திறமை இந்த ஊரின் சொத்து என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மேல் ஓடும் கீழ் ஓடும் தனித்தனியே உறைந்த பிறகு, ஸ்பாரை உள்ளே வைத்து இரண்டையும் ஒட்ட வேண்டும். அந்த ஒட்டுப் பசை வழியாமல் நிற்கவும் விரியாமல் இருக்கவும் அதில் கலப்பது என்ன தெரியுமா? பருத்தி! ஆமாம், மில்லில் ஷிஃப்ட் முடிந்து வருபவரின் தலைமுடியில் ஒட்டியிருக்கும் பஞ்சைப் போன்ற பொடிப் பருத்தி. எப்பாக்ஸியோடு பருத்தித் துகளைக் குழைத்துக் கெட்டியாக்கிய பசைதான் உலகமெங்கும் ஆயிரக்கணக்கான கிளைடர்களின் இறக்கைகளைச் சேர்த்துப் பிடித்திருக்கிறது.

ஈரத் துணியை அப்படியே உறைய விட்டால் காற்றுக் குமிழியும் அதிகப் பசையும் உள்ளேயே தங்கிவிடும். அதற்கு வேக்குவம் பேக். மேலே பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி, ஓரத்தைப் பிசின் நாடாவால் அடைத்து, பம்பால் உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சினால் நடப்பதைக் கேளுங்கள். வெளியே இருக்கும் காற்று மண்டலம் சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவில் அமுக்குகிறது! 15 மீட்டர் கிளைடரின் இரண்டு இறக்கைகளின் மேல் ஓடு மட்டும் 10 சதுர மீட்டருக்குச் சற்று அதிகம். அப்படியானால் ஏறக்குறைய 100 டன் எடை, ஒரு பிளாஸ்டிக் தாள் வழியாக, எந்த இடத்திலும் கூடாமல் குறையாமல்! கோவை கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே இருப்பதால் நமக்குக் கிடைக்கும் அழுத்தம் சென்னையைவிட நான்கைந்து சதவீதம் குறைவு. பரவாயில்லை, கிளைடருக்கு அது தாராளம். எதிரி வேறு: ஊசி முனை ஓட்டை. பம்பை நிறுத்திவிட்டு மானியின் முள் இறங்குகிறதா என்று பார்க்காமல் பசை கலக்கவே கூடாது.

மூன்றாவது முறைதான் இன்ஃபியூஷன். துணி எல்லாவற்றையும் காய்ந்தபடியே அடுக்கி, பையை மூடி, காற்றை எடுத்துவிட்டு, பிறகு குழாயைத் திறந்தால் ரெசின் தானாகவே உள்ளே ஓடி வந்து துணியை நனைக்கிறது. அவசரமில்லை, கையில் ஒட்டுவதில்லை, நெடி குறைவு. கையடுக்கைவிட இழையின் பங்கு கூடுதலாகவும் ஒரே சீராகவும் கிடைக்கும். காற்றாலையின் பெரிய இறகுகள் இந்த வழியில்தான் பிறக்கின்றன. என்.ஏ.எல். இதற்குச் சொந்தமாக வெரிட்டி என்ற முறையை உருவாக்கி, சரஸ் விமானத்தின் இறக்கை வேலைக்குப் பயன்படுத்தியது, தெரியுமா? ஆட்டோகிளேவ் எனும் அழுத்த உலை இல்லாமலேயே அதை நெருங்கும் தரம்! ஆனால் இதற்கு ஒரு நெஞ்சுரம் வேண்டும். ரெசின் சுலபமான பாதையில் முந்தி ஓடி, நடுவே ஓர் இடத்தைக் காய்ந்தபடியே விட்டுவிட்டால், முழு ஓடும் போயிற்று. கையடுக்கில் தவறு நடந்தால் ஒரு துணியை உரித்துவிட்டு மறுபடி வைக்கலாம். இங்கே குழாயைத் திறந்த பிறகு திரும்ப வழி கிடையாது. ரெசின் எங்கே நுழைய வேண்டும், எங்கே வெளியேற வேண்டும் என்பதைச் சிறிய பலகைகளில் பலமுறை ஓட்டிப் பார்த்தவருக்கே இறக்கை அளவில் கை வைக்கும் தகுதி வருகிறது.

நான்காவது ப்ரீப்ரெக். பசை ஏற்கெனவே அளவாகப் பூசி வரும் துணி. அதை மைனஸ் 18 டிகிரியில் ஃப்ரீசரில் வைக்க வேண்டும். வெளியே எடுத்த ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் ஏறும். பிறகு சூட்டிலும் அழுத்தத்திலும் வேக வைக்க வேண்டும். ஆட்டோகிளேவ் என்ற பிரம்மாண்டமான பாத்திரத்தில் ஆறேழு மடங்கு காற்றழுத்தம் கிடைக்கும். தேஜஸின் இறக்கைத் தோலும் அதன் உள் விறைப்பான்களும் ஒரே வேக்காட்டில் ஒன்றாகச் சேர்வது இந்த வகையில்தான். ஆயிரக்கணக்கான ரிவெட்டுகள் மிச்சம்! கிளைடரிலும் இதைச் செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்பாரோஹாக் என்ற ஒற்றை ஆள் கிளைடர் கார்பன் ப்ரீப்ரெக்கில் கட்டப்பட்டு வெறும் 70 கிலோ எடைதான். ஒரு முழு விமானம், ஓர் ஆளின் எடை!

இத்தனை இருக்க, ஸ்பாருக்கு மட்டும் தனி வழி ஒன்று உண்டு. கார்பன் இழைக் கற்றைகளைப் பசைத் தொட்டி வழியாக இழுத்து, சூடான துளைக்குள் நுழைத்து, மறுபக்கம் கெட்டியான கம்பியாக வெளியே எடுப்பது. பல்ட்ரூஷன் என்பார்கள். இழுவிசையிலேயே உறைவதால் ஒவ்வோர் இழையும் நூல் பிடித்தபடி நேர். நெளிவுதான் எதிரி என்று மேலே சொன்னேனே, அந்த எதிரிக்கு இங்கே இடமே இல்லை. அமெரிக்க வடிவமைப்பாளர் ஜிம் மார்ஸ்கே இந்தக் கம்பிகளை அடுக்கி ஸ்பார் கட்டும் வழியை வீட்டுப் பட்டறைக்காரர்களுக்குக் கொண்டு சேர்த்தார். சிறிய பட்டறை ஒன்றுக்கு இது பெரும் வரம். கையால் அடுக்கும் ஸ்பாரில் வரும் கவலை பாதியாகக் குறைந்துவிடும்.

வெள்ளை நிறமே ஏன்?

உலகில் கிட்டத்தட்ட எல்லாக் கிளைடர்களும் வெள்ளையாகவே இருப்பதன் காரணம் அழகு அல்ல, தெரியுமா? அறை வெப்பத்தில் உறையும் எப்பாக்ஸி, கொஞ்சம் சூடேறினாலே இளகத் தொடங்கும். அதனால்தான் ஜெர்மனியில் கிளைடர் இறக்கையை 54 டிகிரி வெப்பத்துக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே பாரம் ஏற்றிச் சோதிக்கிறார்கள். வெள்ளைப் பரப்பு வெயிலை எறிந்துவிட்டு அந்த எல்லைக்குள் நிற்கும். கறுப்போ கருநீலமோ அடித்தால்? சித்திரை வெயிலில் சிங்காநல்லூரில் நிறுத்திய கறுப்புக் காரின் மேல்தகட்டைத் தொட்டவர்களுக்கு விடை தெரியும். ஆகவே கொங்கு நாட்டில் கட்டும் எவரும் ஓடு உறைந்த பிறகு அதைச் சூட்டறையில் வைத்து மெல்ல மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்துவதை விடவே கூடாது. அந்தப் பதம் ஏறினால்தான் பசையின் இளகும் வெப்பம் உயரும். இதற்குக் கோடிகள் வேண்டாம்; நன்றாக அடைத்த அறை, ஹீட்டர், விசிறி, நாலா பக்கமும் வெப்பமானிகள் போதும்.

வெயில் பசைக் கோப்பையிலும் விளையாடும். வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் எப்பாக்ஸியின் வினை வேகம் தோராயமாக இரட்டிப்பாகும். ஐரோப்பாவில் 40 நிமிடம் தரும் கலவை நம் மே மாதத்தில் 15 நிமிடம்கூடத் தராது. ஆழமான டப்பாவில் மொத்தமாகக் கலந்து வைத்தால் தன் சூட்டில் தானே கொதித்துப் புகைந்துவிடும்! அகலத் தட்டில் பரப்பி வைத்தால் தப்பிக்கலாம். ஐப்பசி மழைக்கு வேறு கதை: ஈரக் காற்று ஹார்டனரோடு வினைபுரிந்து மேலே மெழுகு போன்ற படலம் கட்டும், அதன் மேல் அடுத்த அடுக்கு ஒட்டாது. கடைசி அடுக்கின் மேல் ஒரு நைலான் துணியை வைத்து, உறைந்ததும் உரித்து எறிவது அதற்கான மருந்து. பீல் ப்ளை என்ற அந்தத் துணி போகும்போது படலத்தையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய்விடும். இன்னொன்றையும் கட்டாயம் சொல்ல வேண்டும். ஹார்டனர் தோலில் பட்டுப் பட்டு ஒவ்வாமை வந்துவிட்டால் அது வாழ்நாள் முழுக்கப் போகாது. கையுறை இல்லாமல் வேலை வாங்கும் பட்டறை எவ்வளவு நல்ல இறக்கை செய்தாலும் எனக்கு அது நல்ல பட்டறை அல்ல.

இன்னும் சில, மூச்சு விடாமல்

இறக்கைக்குள் 150, 200 லிட்டர் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பறக்கிறார்கள், தெரியுமா? எடை கூடினால் சறுக்கு விகிதம் மாறாமல் வேகம் கூடும். இறங்கும் முன் வானிலேயே தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள்.

முன்விளிம்பில் பூச்சிகள் மோதி ஒட்டினாலே காற்றோட்டம் கலைந்துவிடும் என்பதால், பறந்துகொண்டிருக்கும்போதே இறக்கையின் நீளத்துக்கு ஓடிப் பூச்சியைத் துடைக்கும் குட்டிக் கருவிகள் உண்டு!

கார்பன் இழையை இறக்கையின் முதன்மைக் கட்டமைப்பில் முதலில் துணிந்து வைத்த விமானங்களில் ஒன்று, 1972-ல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் மாணவர்கள் கட்டிய எஸ்.பி.10 என்ற 29 மீட்டர் கிளைடர். மாணவர்கள்!

2018 செப்டம்பர் 2 அன்று அர்ஜென்டினாவின் எல் கலாஃபாட்டேவுக்கு மேலே பெர்லான் 2 என்ற கார்பன் கிளைடர் 76,124 அடி உயரத்தை எட்டியது. எஞ்சின் இல்லாமல்! மலையில் மோதி மேலெழும் காற்றலையில் ஏறியே போனார்கள்.

ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் தனேஜா ஏரோஸ்பேஸ் நிறுவனம் தயாரித்துக் கொடுத்த ஹன்சா-3, என்.ஏ.எல். வடிவமைத்த கூட்டுப்பொருள் விமானம். 1993-ல் முதலில் பறந்த ஹன்சா 2000-ல் சான்றிதழ் பெற்றது. இந்திய அரசின் சான்று பெற்ற கூட்டுப்பொருள் விமானம் தமிழ்நாட்டு மண்ணில் கட்டப்பட்டிருக்கிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

சிங்காநல்லூர்ப் பட்டறைக்கு எது?

ராணுவத் தளவாடத் தொழில்வழித்தடத்தில் கோவையும் சேலமும் ஓசூரும் இருக்கின்றன. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் தொழில்துறைத் துணிகளுக்கென்றே சிறப்பு மையம் இருக்கிறது. 1956 முதல் சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இத்தனைக்கும் நடுவே இளைஞர்கள் நால்வர் சேர்ந்து கிளைடர் கட்டக் கிளம்பினால் எதைத் தேர்வது? என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். ஆட்டோகிளேவ் கனவை விட்டுவிடுங்கள். அது போர் விமானத்துக்கு நியாயம், கிளைடருக்குத் தேவையில்லை. ஒன்றே ஒன்று கட்டிப் பறந்து பார்க்க ஆசையா, நுரையும் சூட்டுக் கம்பியும் போதும். பத்து இருபது கட்டும் எண்ணமா, பணத்தில் பெரும் பங்கை அச்சில் போடுங்கள். ஓடுகளைக் கையால் அடுக்கி வேக்குவம் பேக் போடுங்கள். ஸ்பாருக்கு இழுத்து வார்த்த கார்பன் கம்பி. கை பழகிய பிறகு வால் பகுதி போன்ற சிறிய உறுப்பில் இன்ஃபியூஷனைத் தொடங்கி, மெல்ல இறக்கைக்குக் கொண்டு வரலாம். ப்ரீப்ரெக்குக்கு ஃப்ரீசரும், மின்சாரம் நின்றால் ஓட ஜெனரேட்டரும், வாங்கிய துணி காலாவதியாகும் முன் தீர்க்கும் அளவுக்கு ஆர்டரும் வேண்டும். அது இருபதுக்கு அப்புறம் யோசிக்க வேண்டியது.

எந்த முறையில் செய்தாலும் ஒவ்வொரு ஓட்டோடும் ஒரு சிறிய துண்டையும் சேர்த்து அடுக்கி, அதே சூட்டில் உறைய வைத்து, எந்திரத்தில் இழுத்து உடைத்துப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். இறக்கை சாதாரணப் பயன்பாட்டில் புவியீர்ப்பின் 5.3 மடங்கு பாரத்தைத் தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய விதி. அதற்கு மேல் ஒன்றரை மடங்கு காப்பு. அந்த எண்ணுக்குப் பதில் சொல்லப் போவது இந்தத் துண்டுகள்தான்.

உறைந்த ஓட்டுக்குள் எங்காவது அடுக்கு பிரிந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, அல்ட்ராசவுண்ட் கருவியை எடுக்கும் முன், உலகமெங்கும் முதலில் எதை எடுக்கிறார்கள் தெரியுமா? ஒரு நாணயத்தை! அதை விரலிடுக்கில் பிடித்து, விரற்கடை விரற்கடையாக இறக்கை முழுதும் தட்டிக்கொண்டே போக வேண்டும். பிடிப்பு நன்றாக இருக்கும் இடத்தில் கணீரென்று ஒலிக்கும். பிரிந்த இடத்தில் மொத்தென்று அடைத்த சத்தம் வரும். அங்கே பென்சிலால் வட்டம் போட்டு, தடிமனைப்போல் பல மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்து, அடுக்கடுக்காகப் புதுத் துணி வைத்து ஒட்டிவிடலாம்.